குடிக்கூலியும் வர்க்க அரசியலும்

(பெங்களூரில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற கல்வி வகுப்பில், கட்சி வெளியீடுகளின் மொழிபெயர்ப்பாளர் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தோழர்களே,

எங்கெல்ஸ் எழுதிய ‘குடியிருப்புப் பிரச்சினை’ பற்றி உரையாற்றுமாறு கல்விக் குழு என்னைப் பணித்தது. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அந்நூலுடன் எனக்குப் பழக்கம் உண்டு. அதன் பக்கங்களை மேசையில் விரித்து வைத்திருந்த அதே மாதங்களில்தான் நானும் என் துணைவியாரும் இந்த நகரில் வாடகை வீடு தேடி அலைந்தோம். பகலில் வீட்டுச் சொந்தக்காரர்களின் வாசல், இரவில் எங்கெல்ஸ். ஆகவே நூலையும் அலைச்சலையும் பிரித்துப் பேச என்னால் இயலவில்லை. இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். என்னைப் பற்றிய ஒரு சுயவிமர்சனமும் இவ்வுரையில் உண்டு. அதை இப்போதே அறிவித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்த இடம் வரும்போது சொல்லாமல் தாண்டிவிடுவேனோ என்ற அச்சம் எனக்கே இருக்கிறது.

முதலில் ஒரு சொல். வீட்டு வாடகைக்குத் தமிழில் ‘குடிக்கூலி’ என்ற பழைய சொல் உண்டு. அகராதிகளில் இருக்கிறது, வழக்கில் அருகிவிட்டது. குடியிருப்பதற்காகக் கொடுக்கும் கூலி என்பது அதன் பொருள். தொழிலாளி வாங்குவதும் கூலி. வீட்டுக்காரருக்குக் கொடுப்பதும் கூலி. ஒரு கை வாங்கியதை மறு கை கொடுத்துவிடுகிற நம் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. குடியிருப்பு, குடிமகன், குடியரசு ஆகிய சொற்களுக்கும் வேர் ‘குடி’தான். குடியிருக்க இடமில்லாதவருக்குக் குடியுரிமை என்பது எவ்வளவு தூரம் பொருளுடையது என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

பதினொரு வார அலைச்சல்

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாங்கள் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்த வீட்டை அதன் உரிமையாளர் விற்றுவிட்டார். அடுக்குமாடி கட்டுவதற்காக இடித்தாக வேண்டும். இரண்டு மாதத்தில் காலி செய்யுங்கள் என்றார். அவர் கொடியவர் அல்லர். மூன்றாவது மாதமும் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டின் மீது எங்களுக்கிருந்த உரிமை, அவருடைய பொறுமையின் அளவுதான் என்பது அன்று விளங்கியது.

பெருந்தொற்றுக்குப் பின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியர்களை மீண்டும் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஊருக்குப் போயிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். வெளிவட்டச் சாலை, ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டிப் பகுதிகளில் எழுந்த வாடகை அலை, நாங்கள் வாழும் பழைய தொழிலாளர் பேட்டைகளையும் வந்து தாக்கியது. மாதம் 14,000 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, அதே அளவு வீடு 22,000, 25,000 என்றார்கள்.

பதினொரு வாரங்களில் 31 வீடுகளைப் பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்றும் கண்முன் நிற்கிறது. காலை ஒன்பது மணிக்குக் கைப்பேசிச் செயலியில் ஒரு வீட்டின் படம் வந்தது. பத்து மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படிக்கட்டில் ஏழு குடும்பங்கள் நின்றன. ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தோம், கழிவறைக் கதவைச் சாத்திப் பார்த்தோம், வெளியே வந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற இளம் தம்பதியர், கேட்ட வாடகைக்கு மேல் 2,000 ரூபாய் தருவதாகச் சொல்லி அங்கேயே முன்பணம் கொடுத்தார்கள். திரும்பி நடக்கையில் எனக்குக் கடுங்கோபம் வந்தது. அந்த இளம் தம்பதியர் மீது வந்த கோபம் அது. வீட்டுக்காரர் மீது வரவில்லை. நாற்பது ஆண்டுகளாக வர்க்கம் வர்க்கம் என்று படித்தும் எழுதியும் வந்தவனுக்கே அப்படி! சந்தை முதலில் செய்யும் வேலை இதுதான், தோழர்களே. பாதிக்கப்பட்டோரை ஒரே படிக்கட்டில் நிறுத்தி, ஒருவருக்கொருவர் பகைவராக்கிவிடுகிறது.

பிறகு விசாரணை. எந்த நிறுவனம்? எவ்வளவு சம்பளம்? எத்தனை பேர்? ஊரிலிருந்து யாரெல்லாம் வருவார்கள்? பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் குறைவு என்பதற்காக ஓர் இளைஞருக்கு இந்நகரில் வீடு மறுக்கப்பட்ட செய்தி அந்த ஆண்டு நாளேடுகளில் வெளிவந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். என்னிடம் மதிப்பெண் கேட்கவில்லை. “எந்தக் கம்பெனி?” என்று கேட்டார்கள். “கட்சி முழுநேர ஊழியர்” என்றேன். “அது சரி சார், வேலை எங்கே?” என்றார் தரகர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படிவத்தில் நமக்கென்று ஒரு கட்டம் இல்லை.

மதுரைக்கு வந்து சேர்ந்த கோவலனுக்கும் கண்ணகிக்கும் மாதரியின் மனையில் இடம் கிடைக்கக் கவுந்தியடிகளின் சொல் ஒன்றே போதுமானதாக இருந்தது. எங்களுக்கு ஆதார் நகல், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், முந்தைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண் என்று எல்லாம் வேண்டியிருந்தன. நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். 1930இல் தம் விரல் ரேகையைப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த ஊர் அது. அவர்கள் வழிவந்த நான், கேட்ட இடத்திலெல்லாம் ஆதார் நகலை நீட்டினேன். முப்பத்தொரு வாசல்களில் எத்தனை நகல்கள் கிடக்கின்றனவோ!

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் கிடைத்த வீட்டுக்கு வாடகை 22,000. முன்பணம் பத்து மாத வாடகை, அதாவது 2,20,000. தரகருக்கு ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகை தனி. ஆக, சாவியைக் கையில் வாங்குவதற்கு முன் 2,64,000 ரூபாய் எண்ணி வைக்க வேண்டும். பழைய வீட்டில் கிடந்த எங்கள் முன்பணம் 1,00,000. அது காலி செய்த பிறகுதான் திரும்பும். அதிலும் வெள்ளையடிப்புச் செலவு என்று ஒரு மாத வாடகை பிடித்துக்கொண்டார்கள். தனியார் பள்ளி ஆசிரியையான என் துணைவியாரின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. பல ஆண்டு உழைப்பின் சேமிப்பு வட்டியில்லாமல் இன்னொருவர் கையில் கிடக்கிறது. அந்தச் சேமிப்பைத் திரட்டுவதற்கு வாங்கிய கடனுக்கு நாங்கள் வட்டி கட்டுகிறோம்.

ஒரு கேள்வியும் ஒரு மௌனமும்

அந்தக் கடைசி வீட்டின் உரிமையாளர் தமிழ் பேசுபவர். கீழ்த்தளத்தில் அவர் குடியிருந்தார். முதல் தளம் எங்களுக்கு. என் பேச்சைக் கேட்டார். தமிழில் முதுகலை படித்தவன் என்று அறிந்ததும் முகம் மலர்ந்தது. சிறிது நேரம் சிலப்பதிகாரம் பேசினோம். பிறகு இயல்பாக, ஒரு காபி குவளையை நீட்டியவாறே, “நாம எல்லாம் சைவம்தானே சார்?” என்றார்.

தோழர்களே, நான் தலித் குடும்பத்தில் பிறந்தவன். என் தந்தை தங்கச் சுரங்கத்தின் அடியாழத்தில் வேலை செய்தவர். எங்கள் லைனில் ஞாயிறு மதியம் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதைத் தெருமுனையிலேயே சொல்லிவிடலாம். அந்தக் கேள்வி உணவைப் பற்றியது அன்று என்பது கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்ட எனக்கும் தெரியும். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை. காபியைக் குடித்தேன், சிரித்தேன். அவர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டார். அன்று மாலையே சாவி கிடைத்தது.

வீடு திரும்பும் வழியில் என் துணைவியார் ஒன்றும் பேசவில்லை. இரவு படுக்கப் போகும்போதுதான், “இனிமேல் கருவாடு வறுக்க முடியாது, இல்லையா?” என்றார். அதற்கும் நான் விடை சொல்லவில்லை.

வீடுகள் இல்லையா?

இப்போது எங்கெல்ஸிடம் வருவோம். 1872, 1873ஆம் ஆண்டுகளில் லைப்சிக் நகரிலிருந்து வெளிவந்த தொழிலாளர் ஏடான ‘ஃபோல்க்ஸ்டாட்’டில் அவர் எழுதிய கட்டுரைகளே இந்நூல். ஜெர்மனி வேகமாகத் தொழில்மயமான காலம். கிராமத்து மக்கள் பெருநகரங்களுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தனர், வாடகை ஏறியது, ஓர் அறையில் இரண்டு குடும்பங்கள் நெருக்கி வாழ்ந்தன. ஒவ்வொரு தொழிலாளியும் தன் வீட்டுக்கு உரிமையாளனாகிவிட்டால் சிக்கல் தீரும் என்றனர் புரூதோனைப் பின்பற்றியோர். முதலாளிகளின் நல்லெண்ணத்தாலும் சேமிப்புச் சங்கங்களாலும் தீரும் என்றனர் சீர்திருத்தவாதிகள். இருவரையும் மறுத்து எங்கெல்ஸ் எழுதினார்.

அவருடைய வாதத்தில் மூன்று கூறுகள் நமக்கு முக்கியமானவை. முதலாவது, வாடகைதாரர், வீட்டுக்காரர் உறவு என்பது தொழிலாளி, முதலாளி உறவின் நகல் அன்று. உபரி மதிப்பு உற்பத்தியில் பிறக்கிறது. அங்கே ஏற்கெனவே பிறந்த மதிப்பிலிருந்து ஒரு பங்கை வீட்டுக்காரர் பெறுகிறார். இரண்டாவது, முதலாளித்துவம் குடியிருப்புப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றுகிறது. நெரிசலான சேரியை இடித்து அகன்ற சாலை போடுகிறது. அச்சேரி வேறோர் இடத்தில் மீண்டும் முளைக்கிறது. மூன்றாவது, பெருநகரங்களில் ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களை அறிவுக்கு உகந்த முறையில் பயன்படுத்தினாலே உண்மையான பற்றாக்குறையை உடனடியாகத் தணிக்க முடியும்.

இந்த மூன்றாவது கூற்றை இந்தியாவில் வைத்துப் பார்ப்போம். 2012இல் ஒன்றிய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, நகர்ப்புற இந்தியாவில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் பொருளாதாரத்தில் நலிந்தோர், குறைந்த வருவாய்ப் பிரிவினர் ஆகியோருக்கு உரியது. அதே காலத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இரண்டையும் நேரடியாகக் கழித்துவிட முடியாது என்பதை அறிவேன். பூட்டிய வீடு இருக்கும் ஊர் வேறு, வீடற்றவர் இருக்கும் ஊர் வேறு. பூட்டிய வீட்டின் விலை வேறு, வீடற்றவரின் வருவாய் வேறு. ஆயினும் எண்கள் ஒன்றைத் தெளிவாகக் காட்டுகின்றன. செங்கல்லும் சிமெண்டும் கொத்தனாரும் இல்லாததால் வந்த பஞ்சம் இல்லை இது. குடியிருக்கக் கட்டுவதற்கும், விலை ஏறும் வரை பூட்டி வைக்கக் கட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டால் வந்த பஞ்சம்.

இரண்டாவது கூற்றுக்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 2013 ஜனவரியில் நம் நகரின் ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கென மாநகராட்சி கட்டிய குடியிருப்பு இருந்த நிலத்திலிருந்து ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அந்நிலம் தனியாரோடு கூட்டுத் திட்டத்துக்கு ஒப்படைக்கப்பட்டிருந்தது. வணிக வளாகம் எழுவதாக இருந்தது. வெளியேறியோரில் தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் பல. அவர்களில் சிலரை இந்த அறையில் உள்ள தோழர்களுக்குத் தெரியும். அவர்கள் வீட்டு வேலைக்குப் போன கோரமங்கலா அங்கேயே இருக்கிறது. அவர்கள்தாம் விளிம்புக்குத் தள்ளப்பட்டார்கள்.

வேறொரு காலமும் இந்நகரில் இருந்தது. தொலைபேசித் தொழிற்சாலைக்கு அருகே தூரவாணிநகர், ஜாலஹள்ளியில் எச்.எம்.டி., பி.இ.எல். குடியிருப்புகள் என, பொதுத்துறை தன் தொழிலாளர்களுக்கு வேலையுடன் வீட்டையும் கட்டியது. எல்லோருக்கும் கிடைக்கவில்லை, ஒப்பந்தத் தொழிலாளிக்கு அன்றும் இல்லை. எனினும் வேலை கொடுப்பவருக்கு அந்த வேலையாளின் உறைவிடத்திலும் பொறுப்பு உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது. எங்கள் தங்கவயலில் மூங்கில் தட்டி வீடுகளில் தொடங்கி, போராடிப் போராடித்தான் ஓட்டு வீடுகளைப் பெற்றோம் என்று என் தந்தை சொல்வார். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. இன்றும் மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகிறார்கள். ஒவ்வொரு வழியும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இந்நகரம் அவர்களின் எட்டு மணி நேர உழைப்பை ஏற்கிறது. அவர்கள் படுத்துறங்க ஆறடி இடத்தைத் தர மறுக்கிறது. வாடகைப் புள்ளிவிவரங்களில் அந்த ரயில் இடம்பெறுவதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

வாடகை ஒப்பந்தம் ஏன் பதினொரு மாதத்துக்கே எழுதப்படுகிறது என்று பலர் கேட்பதுண்டு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிறது. அதைத் தவிர்ப்பதற்கே பதினொரு மாதம். நூறாண்டுக்கு முந்தைய ஒரு சட்டத்தின் சந்தில் நம் வாழ்க்கை பதினொரு மாதத் துண்டுகளாக நறுக்கப்படுகிறது.

1999ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம், இயற்றப்பட்டபோதே, பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகை வீடுகளைத் தன் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தியது. இன்று அந்தத் தொகைக்கு இந்நகரில் எது கிடைக்கும் என்பதை நீங்களே அறிவீர்கள். 2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீடுகளுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. நல்ல வரிதான். ஆனால் அது மாதிரி மட்டுமே; மாநிலங்கள் ஏற்றால்தான் சட்டம். வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதை அது சந்தைக்கும் ஒப்பந்தத்துக்கும் விட்டுவிடுகிறது என்பதையும் மறக்கலாகாது.

பாகுபாட்டுக்கு வருவோம். கடைகள், உணவகங்கள், விடுதிகள் போன்றவற்றில் சாதி, மத அடிப்படையில் நுழைவைத் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. அந்தப் பட்டியலில் வாடகை வீடு என்ற சொல் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவோ, தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்த வட்டாரத்திலும் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் எந்த வீட்டுக்காரர் அப்படி வாய்விட்டுச் சொல்கிறார்? “சைவம்தானே” என்கிறார். “உறவினருக்குக் கொடுத்துவிட்டேன்” என்கிறார். வாடகைக்கு என்ற பலகை மட்டும் அடுத்த மாதமும் தொங்குகிறது. சாட்சியில்லாத குற்றம் இது. தனியாகப் போகிறவருக்குச் சாட்சி ஏது?

பரோடாவும் நானும்

1917இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் கற்றுத் திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் பணி ஏற்கச் சென்றார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைக் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் வந்த பார்சிகள் அவரை வெளியேறச் சொன்னார்கள். நண்பர்கள் இருவரை நாடினார். இருவரும் சாக்குச் சொன்னார்கள். பொதுப் பூங்கா ஒன்றில் அமர்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இதைப் பின்னாளில் அவரே எழுதி வைத்தார்.

அவர் வேறு பெயர் கொடுத்ததற்கும் நான் மௌனம் காத்ததற்கும் வேறுபாடு உண்டு. அவருக்கு அன்று பின்னால் நிற்க ஓர் அமைப்பு இல்லை. அவரே பின்னர் அமைப்புகளை உருவாக்கினார். எனக்குப் பின்னால் கட்சி இருந்தது. கிளை இருந்தது. நான் கிளையில் இந்தச் செய்தியைச் சொல்லவே இல்லை. வீடு தேடுவது என் குடும்ப விவகாரம், அதைக் கூட்டத்தில் பேசுவது அழகன்று என்று எண்ணினேன். அவமானத்தைத் தனிச்சொத்தாக வைத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து அதே வீட்டின் மொட்டை மாடியிலிருந்த ஒற்றை அறை காலியாயிற்று. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் நம் இளம் தோழர் ஒருவர் வீடு தேடிக்கொண்டிருந்தார். அவர் இஸ்லாமியர். நானே அழைத்துப் போனேன். உரிமையாளர் அவரிடம் மரியாதையாகவே பேசி, யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினார். பிறகு என்னைத் தனியே அழைத்து, “உங்களுக்கே தெரியும் சார், நம்ம மாதிரி ஆளுங்க இருக்கிற இடம் இது” என்றார்.

‘நம்ம மாதிரி.’ தன்மைப் பன்மையில் கேட்பவரையும் உளப்படுத்துவது ‘நாம்’, கேட்பவரை விலக்குவது ‘நாங்கள்’ என்று எத்தனையோ பேருக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த உளப்பாட்டுக்குள் நான் நான்கு மாதங்களாகக் குடியிருந்தேன். என் மௌனம் எனக்கு ஒரு வீட்டைப் பெற்றுத் தந்ததோடு நிற்கவில்லை. இன்னொருவரை வெளியே நிறுத்தும் சுவரில் ஒரு செங்கல்லாகவும் இருந்தது.

அப்போதுதான் சொன்னேன். நான் யார், என் தந்தை யார், எங்கள் வீட்டில் என்ன சமைப்போம் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்” என்று மட்டும் சொன்னார். இளம் தோழருக்கு அந்த அறை கிடைக்கவில்லை. பதினோராம் மாதம் எங்கள் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. மறுபடியும் படிக்கட்டுகள், மறுபடியும் தரகர். இப்போது கிருஷ்ணராஜபுரத்துக்கு அப்பால் குடியிருக்கிறோம். சுயவிமர்சனம் இதுதான்: சொன்னது சரி, நான்கு மாதம் தாமதித்தது தவறு, கிளைக்குச் சொல்லாதது அதைவிடப் பெரிய தவறு.

நம்மிடையே உள்ள வீட்டுச் சொந்தக்காரர்கள்

இனி நான் சொல்லப்போவது சிலருக்கு வருத்தம் தரலாம். பொதுத்துறையில் ஓய்வு பெற்ற நம் தோழர்களில் சிலர், ஓய்வூதியப் பணத்தில் ஒரு மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதில் குற்றம் காண மாட்டேன். ஓய்வூதியம் போதாத நாட்டில் முதுமைக்கு அது ஒரு பிடிமானம். சிறு வீட்டுக்காரரைப் பெருமுதலாளியோடு ஒன்றாக வைப்பது தவறான ஆய்வு. ஆனால் நம் தோழர் ஒருவரின் வீட்டில் குடிவருபவரிடம் என்ன கேட்கப்படுகிறது? எத்தனை மாத முன்பணம் வாங்கப்படுகிறது? “எனக்கு ஒன்றுமில்லை தோழர், வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்” என்ற விடையை நானே கேட்டிருக்கிறேன். மே தின ஊர்வலத்தில் நம் பக்கத்தில் நடப்பவருக்கு நம் மாடியறையில் இடமில்லை என்றால், அந்த ஊர்வலம் எங்கே போய்ச் சேரும்?

வேறொரு வாதமும் உண்டு. முதலாளித்துவம் ஒழியாமல் குடியிருப்புப் பிரச்சினை தீராது என்று எங்கெல்ஸே சொல்லிவிட்டாரே, பிறகு வாடகைப் போராட்டம் எதற்கு என்பர். தீராது என்பது உண்மை. போராட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. 1915இல் போரைப் பயன்படுத்தி வாடகையை ஏற்றிய வீட்டுக்காரர்களுக்கு எதிராக, கிளாஸ்கோ நகரில் மேரி பார்பர் முதலிய பெண்கள் தெருத்தெருவாக அமைப்புக் கட்டினார்கள். வெளியேற்ற வந்த அதிகாரிகளைத் திருப்பி அனுப்பினார்கள். ஆலைத் தொழிலாளர்கள் துணை நின்றனர். அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகை உயர்வைத் தடுக்கும் சட்டத்தைப் பிரிட்டன் நாடாளுமன்றம் இயற்ற வேண்டியதாயிற்று. வியன்னா மாநகராட்சி 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் 60,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் வீடுகளைக் கட்டியது. 1972இல் கேரளத்தில் எம்.என். கோவிந்தன் நாயர் வீட்டுவசதி அமைச்சராக இருந்தபோது லட்சம் வீடு திட்டம் தொடங்கியது. இவை எதுவும் புரட்சி அல்ல. ஆனால் மக்கள் தலைக்கு மேல் கூரை வந்தது. கூரை கிடைத்தவர் அடுத்த போராட்டத்துக்கு வந்தார்.

என்ன செய்யலாம்?

விவாதத்துக்காகச் சில யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் வாடகைக்குக் குடியிருப்போரின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, கடைசியாக எப்போது ஏற்றினார்கள், காலி செய்தபோது முன்பணம் முழுமையாகத் திரும்பியதா என்ற நான்கு கேள்விகள் போதும்.

இரண்டாவது, தொழிற்சங்கங்கள் ஊதியப் பேச்சுவார்த்தையில் வாடகையைத் தனித் தலைப்பாக எழுப்ப வேண்டும். ஊதியம் உயர்ந்த செய்தி பரவியதும் வாடகை உயர்ந்த கதையை ஆயத்த ஆடைத் தொழிலாளர் தோழர்கள் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். ஆலை வாயிலில் வென்றதை வீட்டு வாசலில் இழக்கலாமா?

மூன்றாவது, இரண்டு மாதத்துக்கு மேல் முன்பணம் கூடாது என்ற மாநிலச் சட்டம். வாடகை உயர்வுக்கு வரம்பு. பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் கூடுதல் வரி. மூடப்பட்ட பொதுத்துறை ஆலைகளின் நிலத்தை விற்காமல் அங்கே அரசே வாடகைக் குடியிருப்புகளைக் கட்டுதல். வாடகையில் சாதி, மதப் பாகுபாட்டைக் குற்றமாக்குதல் ஆகியவை நம் கோரிக்கைகளாக வேண்டும்.

நான்காவது, வீடு தேடும் தோழர் தனியாகப் போகக் கூடாது. கிளையிலிருந்து இருவர் உடன் செல்லட்டும். மறுப்பு நேர்ந்தால் நாள், இடம், சொன்ன சொல் ஆகியவற்றைக் குறித்து வைக்கட்டும். சாட்சியில்லாத குற்றத்துக்குச் சாட்சியை உருவாக்குவது நம் கையில் இருக்கிறது.

ஐந்தாவது, வாடகைக்கு விடும் கட்சி உறுப்பினர்கள் சாதி, மதம், உணவு கேட்பதில்லை, இரண்டு மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்குவதில்லை என்று கிளையில் அறிவிக்க வேண்டும். கட்டளையாக இதைச் சொல்லவில்லை. ஆனால் பிறரிடம் கோருவதை நாம் முதலில் செய்து காட்டவில்லையென்றால், நம் துண்டறிக்கையை யார் நம்புவார்?

அந்த இளம் தோழரைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். இன்னும் அவர் ஆலைத் தோழர்கள் ஐவருடன் ஓர் அறையில்தான் இருக்கிறார். திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. கார்த்திகைக்குள் ஒரு தனி அறையாவது வேண்டும் என்கிறார். இந்த வகுப்பு முடிந்ததும், வீடு வாடகைக்கு விடும் தோழர்கள் யாரேனும் என்னைச் சந்தித்தால் மகிழ்வேன். அவர் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நீங்கள் அவரிடமே பேசலாம்.

விவாதத்தைத் தொடங்குவோம்.